சுவரொட்டியில் அத்தான்

மக்கள் நலவாழ்வுத் திட்ட அதிகாரி என்றொரு இனம் உண்டு. ஊரில் எந்த மூலையில் யார் இருமினாலும் இவர் காதில் விழும். சொந்த வீட்டில் இருமினால் மட்டும் விழாது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஏதோ மாநாட்டில் கொடுத்த பை, வாயில் 'விழிப்புணர்வு' என்று எதிரே ஒருவர் வந்தால் அவரேதான்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெயிலில் அலைந்து, நாய்க்குப் பயந்து, கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார். நன்றாகப் பார்க்கிறாரே என்று பதவி உயர்வு கொடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து பார்ப்பவர்களைப் பார்ப்பார். பிறகு பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அதற்கும் மேலே போனால், பயிற்சி ஏன் பலன் தரவில்லை என்று ஏசி அறையில் கருத்தரங்கு நடத்துவார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நோயாளி என்பவர் திரையில் ஒரு புள்ளி. கடைசி வரிசைக்கு அதுவும் தெரியாது.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அக்கா தலை சுற்றுகிறது என்றால், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், வேறு யாருக்காவது இருக்கிறதா என்று விசாரிப்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். விசாரணை முடிந்ததும் பயணத்துக்குப் பெட்டி அடுக்கப் போய்விடுவார். தண்ணீரை அக்காவே எழுந்துபோய்க் குடித்துக்கொள்ள வேண்டும்.

திட்டத் தொடக்க விழாவில் ஒரு சடங்கு உண்டு. அதிகாரி முதல் ஆளாகக் கையை நீட்ட, நர்ஸ் பட்டையைச் சுற்ற, இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கருவியைப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அத்தானின் விழாவுக்கு வந்த நர்ஸ் புதியவர். விவரம் தெரியாமல் பார்த்துவிட்டார்.

"சார், ரொம்ப அதிகமா இருக்கு. இன்னைக்கே டாக்டரைப் பாத்துடுங்க."

"அது போட்டோவுக்காகப் பாத்ததும்மா," என்றார் அத்தான். "கணக்குல வராது."

வீட்டுக்கு வந்து இதையே வேடிக்கையாகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. டாக்டரிடம் போகச் சொல்லிக் காலையில் கெஞ்சினாள், மாலையில் சண்டை போட்டாள். "இந்தத் திட்டம் முடியட்டும், போறேன்," என்றார்.

திட்டங்கள் எங்கே முடிகின்றன? அதற்கு நீட்டிப்பு கிடைத்தது. அத்தானுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் புகைப்படம் சுவரொட்டியாகி இன்னமும் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. கையை நீட்டி, வாய்நிறையச் சிரித்து, 'நீங்கள் பரிசோதித்துக்கொண்டீர்களா?' என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்கிறார். அக்கா அங்கே பேருந்து ஏறுவதில்லை. அடுத்த நிறுத்தம் வரை நடக்கிறாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று அத்தான் மேடைமேடையாகச் சொன்னதுதான்.

படித்துக்கொண்டே வரும்போது, இதை யாருக்கு அனுப்பலாம் என்று உங்களுக்கு ஒரு முகம் தோன்றியிருக்குமே? மாமாவா, மேலதிகாரியா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் உங்கள் சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே சுருட்டுங்கள்.