குளிக்கத் தடை விதித்த ஓவியர்

உலகத்திலேயே பொய் சொல்லாத ஓவியர் ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடே போதும். இன்னொருவர் வேண்டாம், சாமி!

தென்காசியில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'அருவி அண்ணாச்சி' என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஒரு காலத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். நடுவில் மனநோய் வந்து சில வருஷம் ரொம்பவே கஷ்டப்பட்டுவிட்டார். அதை அவர் மறைப்பதே இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடுத ஆளு. நீங்க பிரஷருக்கா, சுகருக்கா?" என்று கேட்டுத்தான் அறிமுகமே செய்துகொள்வார்.

அவரைப் போல் சிகிச்சையில் இருப்பவர்கள் பகலில் வந்து படம் வரைய, ஜெசிந்தா டீச்சர் ஓர் இடம் நடத்துகிறார். ரிட்டயர்டான டிராயிங் டீச்சர். போன வருஷம் குற்றாலம் சீசனில் அவர்கள் படங்களைக் கண்காட்சி வைத்து விற்று, அந்தப் பணத்தில் அவர்களுக்குப் பெயிண்டும் மருந்தும் வாங்க ஏற்பாடு செய்தார். "ஏதாவது உதவின்னா சொல்லுங்க டீச்சர்" என்று நான் மரியாதைக்குச் சொல்லித் தொலைத்தேன். அண்ணாச்சியிடமிருந்து ஒரு படத்தை வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படம், குற்றாலத்து ஐந்தருவி. என் உயரத்துக்கு இருந்தது. பக்கத்தில் போனால் சட்டை நனைந்துவிடுமோ என்று தோன்றும், அப்படி ஒரு படம். ஆனால் அது முடிந்தால்தானே! அண்ணாச்சி தினமும் முதல் பஸ்ஸில் ஐந்தருவிக்குப் போவார். பார்ப்பார். திரும்பி வந்து படத்தைத் திருத்துவார். நாலாவது அருவியில் தண்ணீர் குறைந்தால் படத்திலும் குறையும். ஒரு அம்மாள் கையிலிருந்த மிளகாய் பஜ்ஜியைக் குரங்கு பிடுங்கினால், சாயங்காலத்துக்குள் அம்மாள், குரங்கு, பஜ்ஜி மூன்றும் படத்தில் ஏறிவிடும். மறுநாள் பஜ்ஜி மட்டும் இருக்காது.

"பஜ்ஜி எங்க அண்ணாச்சி?"

"அது நேத்தே தின்னுட்டுல்லா சார்."

இப்படிப் பெயிண்ட் மேல் பெயிண்டாக ஏறி, கண்காட்சிக்கு முந்தின நாள் படத்தைத் தூக்கிய லோடு ஆட்டோக்காரர், "சார், இது படமா, அம்மிக்கல்லா?" என்று கேட்டுவிட்டார்.

குற்றாலத்து மண்டபத்தில் படத்தை மாட்டியதும் ஒரு லாட்ஜ் முதலாளி வந்து பார்த்தார். "ஏயப்பா, சனம் எப்படிக் குளிக்குன்னு பாருங்க! நம்ம ரிசப்ஷனுக்கு இதான் சரி. நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்" என்று அவர் சொன்ன விலை, ஒரு வருஷப் பெயிண்டுக்கும் மருந்துக்கும் போதும். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கென்று மலையில் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி பட்டு வேட்டியும் போட்டோகிராபருமாக வந்து நின்றார். படத்தில் ஈ காக்கா இல்லை. ஐந்து அருவியும் ஒன்றாகச் சேர்ந்து செம்மண் நிறத்தில் விழுந்தன. குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் விசிலோடு ஒரு போலீஸ்காரர்.

"ஏ அண்ணாச்சி, நேத்து இதுல குளிச்ச ஆளெல்லாம் எங்க?"

"வெள்ளம் வந்துட்டுல்லா மொதலாளி. போலீஸ் எல்லாரையும் கரை ஏத்தி விட்டுட்டாங்க."

"படத்துலயுமா?"

"அங்கன குளிக்க விடலை. இங்கன மட்டும் எப்படி விட?"

முதலாளி என்னிடம் திரும்பினார். "குளிக்கத் தடைன்னு லாட்ஜ் வாசல்ல படத்தை மாட்டினா எவன் சார் ரூம் போடுவான்? பழையபடி ஆளுகளைப் போட்டுத் தரச் சொல்லுங்க. இப்பவே வாங்கிக்கிடுதேன்."

டீச்சர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அண்ணாச்சி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"டீச்சர், சீக்கா கிடக்கையில எனக்கு இல்லாத ஆளெல்லாம் தெரிஞ்சாங்க. பேசுனாங்க, ஏசுனாங்க. எது நெசம்னு தெரியாமக் கிடந்தேன். இப்பம் காலைல போயி, கண்ணால பாத்து, இருக்கதை மட்டும் வரைஞ்சாத்தான் எனக்கு அன்னைக்குத் தைரியமா இருக்கு. இல்லாத ஆளைப் போடச் சொல்லாதீங்க."

முதலாளி போட்டோகிராபரைக் கேமராவைப் பைக்குள் வைக்கச் சொன்னார். அப்போது, "அந்த விலைக்கு அந்தப் படத்தை நான் எடுத்துக்கிடுதேன்" என்று ஒரு குரல் கேட்டது. எவன்டா அந்த மடையன் என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கண்காட்சி பார்க்க வந்திருந்த என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியது என் வாய்தான். புது ஃபிரிட்ஜுக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்த பணம் அது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணாச்சி ஐந்தருவியைப் பார்த்த கையோடு எங்கள் வீட்டுக்கு வருவார். டிவிக்கு நேர் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைத் திருத்துவார். கிரிக்கெட்டில் யார் அவுட் என்பதை நான் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எங்கள் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுத்தார்கள். மனைவி ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவருக்கென்று நாலு இட்லி கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தாள்.

இந்தப் பங்குனியில் அண்ணாச்சிக்கு மறுபடியும் முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் மூலையிலேயே கிடந்தது. கிரிக்கெட் நன்றாகத் தெரிந்தது, பார்க்கத்தான் பிடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, லீவு நாளில் எட்டு மணிக்கு முன் எழுந்தே பழகாத நான், முதல் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனேன். அங்கே நின்றபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸம்மா அவரிடம் போனைக் கொடுத்தார்.

"சார், இங்கன படுத்துக்கிட்டு எது நெசம்னே பிடிபட மாட்டேங்கு. எத்தனை விழுது?"

"ரெண்டு அண்ணாச்சி. நூல் மாதிரி. மூணு காஞ்சிட்டு."

"எவனும் சொன்னானா, நீங்க பாத்தீயளா?"

"என் கண்ணால பாத்துக்கிட்டே சொல்லுதேன்."

"அப்ப சரி சார். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்றார்.

இருபத்தெட்டு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு நம்பியதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அலாரம் வைத்தேன்.