தெய்வத்திரு. செல்வராசு மாமா, கோச்சடை

நடந்தது இதுதான்:

1. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.
2. பத்திரிகையை நானே வடிவமைத்துத் தருகிறேன் என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.
3. அப்பா அறுபத்துநான்கு பெயர்கள் கொண்ட பட்டியல் கொடுத்தார். அதில் மூன்று பேர் உயிரோடு இல்லை.
4. நான் ஒரு நிரல் எழுதினேன்.
5. நானூறு பத்திரிகைகள் அச்சாகி வந்தன. அதிலும் மூன்று பேர் உயிரோடு இல்லை. ஆனால் அவர்கள் வேறு மூன்று பேர்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. அறிவியல் ஆய்விதழ்களைப் பக்கமாக்கித் தரும் அலுவலகத்தில் இரண்டு வருட அனுபவம். மனிதர்கள் கையால் செய்கிற எந்த வேலையையும் நிரல் எழுதிச் செய்தால் உலகம் உருப்பட்டுவிடும் என்று நம்பிய காலம். (யாராவது மளிகைச் சாமான் பட்டியலைக் கையால் எழுதினால்கூட எனக்குப் பாவமாக இருக்கும்.)

எங்கள் அலுவலகத்தில் பக்கங்களை மவுசால் இழுத்து வைக்க மாட்டோம். எதை எங்கே எப்படிப் போட வேண்டும் என்று ஒரு கோப்பில் கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால், டெக் என்கிற மென்பொருள் அதைப் பக்கங்களாகக் கோத்துத் தரும். அதற்குள்ளேயே லுவா என்ற சின்ன நிரல்மொழி ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. பக்கம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதைக் கூப்பிட்டு, இதை எண்ணு, அதை மாற்று, இந்த வரியைச் சுருக்கு என்று வேலை வாங்கலாம்.

கல்யாணப் பத்திரிகைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டுப் பட்டியலைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர் வருகிறது என்பதில் பல வருடச் சண்டைகளும் சமாதானங்களும் அடங்கியிருக்கின்றன. அப்பா பதினோரு முறை வரிசையை மாற்றினார்.

"அந்த ஒம்பதாவது பேரைத் தூக்கி அஞ்சாவதாப் போடுத்தா. இல்லாட்டி அஞ்சாவது ஆளு கோவிச்சுக்குவாரு, அவரை நாலாவதா ஏத்திரு."

"அப்ப நாலாவது ஆளுப்பா?"

"அவரு ஏற்கனவே கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. அவரை எங்க வேணாலும் போடு."

என் நிரல் இதையெல்லாம் அழகாகச் சமாளித்தது. பெயர்கள் தனிக் கோப்பில் இருந்தன. வரிசையை மாற்றினால் இரண்டு பத்திகளும் தாமாகச் சமமாகும். நீளமான பெயர் தானாக ஒடுங்கும். பதினோராவது மாற்றத்துக்குப் பிறகு எல்லோருக்கும் படி அனுப்பினேன், எல்லோரும் சரி என்றார்கள். எங்கள் குடும்பத்தில் சரிபார்ப்பது என்றால் அவரவர் தன் இனிஷியலையும் பட்டத்தையும் பார்ப்பது. அது சரியாக இருந்தால் பத்திரிகை சரி.

அதற்குப் பிறகுதான் அம்மா ஒரு குறை கண்டுபிடித்தார். எங்கள் பக்கம் இறந்தவர்களின் பெயரையும் விடுவதில்லை, முன்னால் ஒரு சொல் சேர்த்துப் போடுவோம். பட்டியலில் அந்த மூன்று பேருக்கும் மூன்று விதமாக இருந்தது. ஒருவர் அமரர், ஒருவர் தெய்வத்திரு, விளாங்குடி வேலுச்சாமி பெரியப்பா மட்டும் காலஞ்சென்ற.

"மத்தவங்க எல்லாம் தெய்வம், இவரு மட்டும் வெறுமனே காலஞ்சென்றவரா? விளாங்குடி அக்கா பாத்தா என்ன நெனப்பாங்க? எல்லாருக்கும் தெய்வத்திருன்னே போடு."

சாதாரண மனிதர் மூன்று இடத்தில் திருத்தியிருப்பார். அரை நிமிட வேலை. நான் ஏழு வரி நிரல் எழுதினேன், முக்கால் மணி நேரம் ஆனது. பெயர்களுக்கு முன்னால் இருக்கிற அடைமொழிகளை எல்லாம் நீக்கிவிட்டு, நான் சொல்லும் எண்களுக்குத் தெய்வத்திரு, மற்றவர்களுக்குத் திரு என்று அது போடும். இறந்தவர்கள் வரிசையில் எத்தனையாவது ஆட்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார்: 7, 19, 42.

நான் 6, 18, 41 என்று தட்டினேன்.

காரணம் இருக்கிறது. மற்ற வேலைகளுக்கு நான் தினமும் புழங்கும் பைத்தான் மொழியில் எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். ஏழாவது ஆளைக் கூப்பிட ஆறு என்று எழுத வேண்டும். பழகிவிட்டால் விரல் தானாகவே ஒன்றைக் கழித்துவிடும். லுவாவில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும், உலகத்தில் எல்லா மனிதர்களும் எண்ணுவதைப் போல. அப்பா சரியாக எழுதிக் கொடுத்ததை நான் படிப்பறிவைப் பயன்படுத்தித் தவறாக்கினேன்.

மென்பொருள் பிழை எதுவும் இல்லை என்று சொன்னது. அது சொன்னதில் குற்றமில்லை. ஆறாவது ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று அதற்கு எப்படித் தெரியும்? நானும் ஒரு முறை பார்த்தேன். நானூறு சதவீதம் பெரிதாக்கி, ஓரத்துக் கோலத்தின் வளைவுகள் பிசிறில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.

டவுனில் அச்சகத்துக்காரர் கேட்டார்.

"பேரெல்லாம் பாத்தாச்சுல்ல பாப்பா? பிளேட்டு போட்டுட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

"அதெல்லாம் நிரலே பாத்துக்கிரும்ணே" என்றேன்.

முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. எங்கள் வழக்கம் அது. அப்பா, அம்மா, நான் மூவரும் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, தேங்காய், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு கோச்சடைக்குப் போனோம். நான் போனதற்கு ஒரே காரணம், பத்திரிகையை மாமா பாராட்டும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது. நாங்கள் கொடுத்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்த சித்தப்பா, வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலையிலேயே நாற்பது பத்திரிகைகளோடு பைக்கில் கிளம்பியிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது.

செல்வராசு மாமா அம்மாவின் அண்ணன். அரசுப் பேருந்தில் கண்டக்டர். எதைப் படித்தாலும் அடுத்த நிறுத்தத்தைச் சொல்கிற குரலில்தான் படிப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பெயரிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். ஆறாவது பெயருக்கு வந்தார்.

"தெய்வத்திரு. மு. செல்வராசு, விஜயா, கோச்சடை."

நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

"திரு. வேலுச்சாமி, விளாங்குடி."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஏ மாப்ள, வேலுச்சாமி அண்ணே எப்ப வந்தாரு?"

"எங்க இருந்து மச்சான்?"

"மேல இருந்து."

விஜயா அத்தை பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. தாய்மாமன் சீர் வராமல் எங்கள் பக்கம் பெண்ணை மணவறையில் உட்கார வைக்க மாட்டார்கள். முதல் நலுங்கு அத்தைதான் வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். அத்தை தட்டை வாங்க மறுத்தால், அக்காவின் கல்யாணம் அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம்.

"ஏண்டி, பூவும் பொட்டுமா நான் இங்கதான நிக்கிறேன்?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

நான் விளக்க முயன்றேன். (இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.) "அத்த, அது வந்து, நான் வழக்கமா எழுதுற மொழியில சுழியத்துல இருந்து ஆரம்பிக்கும். இதுல ஒண்ணுல இருந்து..."

"எங்க ஆரம்பிச்சா என்னடி? என் வீட்டுலயா வந்து முடியணும்?"

"மதினி, சின்னப்புள்ள தெரியாமச் செஞ்சுட்டா" என்று அம்மா கண் கலங்கினார்.

"சின்னப்புள்ளையா? இஞ்சினியருன்னு ஊரெல்லாம் நீதான சொன்ன?"

இந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. எடுத்தார்.

"அலோ... ஆமா, செல்வராசு வீடுதான்... நான் செல்வராசுதான் பேசுறேன்... இல்லண்ணே, இன்னும் இல்ல... சாயந்தரமும் இல்ல."

சித்தப்பா கொடுத்துவிட்டுப் போன பத்திரிகையைப் பார்த்துவிட்டு, அத்தையிடம் துக்கம் கேட்கவும், எப்போது எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் கூப்பிட்டிருக்கிறார் ஒருவர். அடுத்த கால் மணி நேரத்தில் இன்னும் நான்கு அழைப்புகள். ஒவ்வொருவரிடமும் மாமா தான் இருப்பதைப் பொறுமையாகச் சொன்னார். ஒருவர் நம்பவில்லை. "பேசுறது யாருன்னு கேக்குறாருடி, நீ பேசு" என்று அத்தையிடம் போனை நீட்டினார். அத்தை வாங்கவில்லை.

கடைசியில் அத்தை தீர்ப்புச் சொன்னார்.

"மறுபடி அடிச்சுக் குடுப்பீக, அது வேற. இந்தப் பத்திரிகை போன அம்புட்டு வீட்டுக்கும் இவ இவுகளைக் கூட்டிட்டுப் போகணும். எல்லாரும் கண்ணால பாக்கணும். அப்புறம் கொண்டாங்க தட்டை, வாங்குறேன்."

மாமா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். காரணம் என்ன எழுதிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் நாற்பது வீடுகளையும் போகிற பாதைப்படி வரிசைப்படுத்தி அட்டவணை போட்டிருந்தேன்: வீடு, பெயர், பார்த்தாயிற்றா, காப்பியா மோரா. நான்காவது பத்தி மாமா கேட்டுச் சேர்த்தது.

ஒரு வீட்டில் மாலை வாங்கி ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் அதை ஒளிக்க இடம் தேடினார்கள். "வாங்குனதை வீணாக்காதீக, சாமி படத்துக்குப் போடுங்க" என்றார் மாமா.

அப்பாவின் நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நாற்பத்தொன்றாவது பெயர். அவரும் தெய்வத்திரு ஆகியிருந்தார். பத்திரிகையில் சிவப்பு மையால் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சுழித்து வைத்திருந்தார். அவர் பெயரை மட்டும் தொடவில்லை.

"சார், உங்க பேருக்கு முன்னாடி..." என்று இழுத்தேன்.

"அது பிழையல்லம்மா. சற்று முன்கூட்டிய தகவல்."

(பதினெட்டாவது ஆள் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டாம்.)

கீழக்குயில்குடியில் சங்கையா என்பவரின் வீட்டுக்குப் போவதற்கு மாமா தயங்கினார். திருவிழாவில் மேளத்தை யார் வீட்டு முன்னால் நிறுத்துவது என்ற தகராறில் இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. "அட்டவணையில இருக்கு மாமா" என்றேன். அட்டவணையில் இருப்பதால் போனோம்.

சங்கையா வாசலுக்கு வந்து மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நெசமாவே நீதானாய்யா?"

"தொட்டுப் பாத்துக்க."

அவர் தொடவில்லை. உள்ளே திரும்பி, காப்பி போடச் சொன்னார். அவர் மனைவி டம்ளரைக் கொடுக்கும்போது, "பத்திரிகையைப் பாத்ததுல இருந்து மனுசன் சோறே திங்கலண்ணே" என்றார்.

"வயிறு சரியில்ல. அதான்" என்றார் சங்கையா, எதிரே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு.

அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம். மேளத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கிளம்பும்போது சங்கையா, "கல்யாணத்துல பாப்போம்" என்றார். "நான் வாரது உன் கையில இல்ல, என் பொண்டாட்டி கையில இருக்கு" என்றார் மாமா.

விளாங்குடியில் வேலுச்சாமி பெரியப்பா வீடு கடைசி. பெரியம்மா பத்திரிகையை மடித்து, பெயர்கள் இருக்கும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி அலமாரியில் வைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"இதை மாத்திருவியாத்தா?"

"மாத்திருவேன் பெரியம்மா. எல்லாத்தையும் திருப்பி அடிக்கிறோம்."

"மாத்து, மாத்தணும்ல. இது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

 

இரண்டாம் நாள் சாயங்காலம் கோச்சடையில் அத்தை அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனை வீடு?"

"நாப்பது அத்த."

"நாப்பதா? இல்ல முப்பத்தொம்பதா?"

மாமா எண்ணிச் சொன்னார். அவர் எண்ணியதால் அத்தை ஒப்புக்கொண்டார். மறுநாள் அம்மா கொண்டுபோன தட்டை வாங்கிக்கொண்டார். திருத்திய பத்திரிகையை அச்சகத்துக்குக் கொடுக்கப் போனபோது, "இந்தத் தடவ யாரும் சாகலைல பாப்பா?" என்று கேட்டு, அறுபத்துநான்கு பெயர்களையும் என்னை வாய்விட்டுப் படிக்க வைத்த பிறகுதான் அச்சகத்துக்காரர் பிளேட்டில் கை வைத்தார்.

கல்யாணத்தன்று மாமா சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, முன்னால் நின்ற சங்கையா கூட்டத்தை விலக்கினார். "வழி விடுங்கப்பா, தெய்வத்திரு வாராரு." அத்தை முதல் நலுங்கு வைத்தார். அக்காவின் கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. அந்தப் பெயர் மட்டும் மாமாவுக்கு நிலைத்துவிட்டது. மாமா போனை எடுக்கவில்லை என்றால், "தெய்வம் பூசையில இருக்கு போல" என்று இன்னும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் எல்லோரும் அடுத்ததாக என்னைப் பார்ப்பார்கள்.

மாமாவுக்கு இந்த வருடம் அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்று போன மாதம் அத்தை என்னைத்தான் கூப்பிட்டார். "நீ பண்ணுன வேலைக்கு நீதான் பண்ணிக் குடுக்கணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே உட்கார்ந்திருந்தார். பட்டியலில் எழுபத்திரண்டு பெயர்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கெல்லாம் அத்தை ஒவ்வொருவராகப் போன் போட்டு, குரலைக் கேட்டு, பெயருக்கு நேராகக் குறி போட்டார். அத்தை மூன்று முறை படித்துவிட்டார். மாமா ஒரு முறை படித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.