முதலைகள் புகார் தரவில்லை

எங்கள் அலுவலகத்தில் முன்னுதாரணம் இல்லாமல் ஒரு குண்டூசிகூட நகராது. கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதால் ஆணைகளை எல்லாம் எழுதுவது நான்தான். ஆனால் நான் உட்காரும் ஆவண அறைக்குத் தகரக் கூரை. போன கோடையில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். இரண்டு முறையும் பழைய கோப்புகள் மேல் விழுந்ததால் அடிபடவில்லை. அரசாங்கத்துக்கு நன்றி.

"மூணாவது தடவை விழுந்தா எந்திரிப்பீங்கன்னு என்ன நிச்சயம்? ஒரு ஃபேன் கேக்கக்கூட வாயில்லையா உங்களுக்கு?" என்று மனைவி அழுதாள். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. லேசில் அழுகிறவள் இல்லை. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மருத்துவர் சீட்டை இணைத்து, மின்விசிறி ஒன்று வழங்கி ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் விண்ணப்பித்தேன்.

மேலதிகாரி கூப்பிட்டார். குளிர்சாதன அறை என்பதால் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"வெயில் கூடிப்போச்சுன்னு எழுதியிருக்கியேய்யா, இதுக்கு முன்னாடி இப்படி ஆனதுண்டா?"

"இல்ல சார். அதனாலதான் கேக்குறேன்."

"முன்னுதாரணம் இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

உடனே பாறை ஆய்வுத் துறைக்கு முறைப்படி கடிதம் போயிற்று. பதில் அடுத்த கோடையில் நேரிலேயே வந்தது. பாறைகளைப் படிக்கும் ஓர் அம்மா, பை நிறையக் கற்களோடு.

"பூமி இதைவிடச் சூடா இருந்திருக்கு சார். அஞ்சு கோடி வருஷத்துக்கும் முன்னாடி வட துருவத்துப் பக்கம் முதலை நீந்துச்சு."

அதிகாரி மேசையைத் தட்டினார். "சபாஷ்! முன்னுதாரணம் கிடைச்சாச்சு!"

"முழுசாக் கேளுங்க. அந்தச் சூடு ஏற ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. மரமும் மிருகமும் மெல்ல மெல்ல இடம் மாறிக்கிச்சு. அப்படியும் கடலடியில எத்தனையோ உயிர் அழிஞ்சுது. இப்ப நாம கரியும் எண்ணெயும் எரிச்சு, சில தலைமுறைக்குள்ளயே சூட்டை ஏத்திக்கிட்டு இருக்கோம். வேகம்தான் சார் ஆபத்து."

"வேகமா நடக்கிற எதையும் இந்த ஆபீஸ் ஒத்துக்கிட்டதில்லம்மா. அது கிடக்கட்டும், அந்த முதலைங்க எழுத்துபூர்வமாப் புகார் கொடுத்துச்சா?"

அந்த அம்மா கல் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "இல்ல."

"எழுதிக்கோய்யா."

என் விண்ணப்பத்தை நிராகரிக்கும் ஆணையை என் கையாலேயே எழுதும் பாக்கியம் எனக்குக் கிட்டியது: 'இதனினும் கடும் வெப்பம் ஏற்கெனவே நிலவியுள்ளது. முதலைகள் தரப்பில் புகார் ஏதும் பெறப்படவில்லை. எனவே மின்விசிறி தேவையற்றது. எனினும் பண்டைய உயிரினங்களைப் பின்பற்றி, ஆண்டுக்கு ஒரு விரற்கடை வீதம் வடக்கு நோக்கி நகர அனுமதிக்கப்படுகிறது.'

அளந்து பார்த்தேன். வடக்குச் சுவரைத் தொட நூற்றறுபது வருஷம் ஆகும். நான் ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருஷம்தான். விண்ணப்பம் தள்ளுபடி என்று வீட்டில் சொன்னேன். மனைவி ஈரத்துண்டு ஒன்றை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள்.

பத்தே நாளில் அதிகாரியின் குளிர்சாதனம் உயிரை விட்டது. போய்ப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"புது மெஷின் வேணும்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதுய்யா! மனுஷன் உக்கார முடியல!"

"முன்னுதாரணம் இணைக்கணுமே சார்?"

"இருக்கிறதை இணைச்சுத் தொலை!"

இருந்தது அந்த முதலை ஆணை ஒன்றுதான். அதையே இணைத்தேன். அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்தமாதிரி இருந்தது.

வரலாறு காணாத வகையில் மூன்றே நாளில் பதில் வந்தது. 'அலுவலர் வடக்கு நோக்கி நகரலாம். மேற்படி ஆணை மிகச் சிறப்பானது. இணைப்பை நகலெடுத்து அனைத்து அரசு நிறுவனங்களுக்கும் அனுப்பியுள்ளோம். உபரி மின்விசிறிகளை உடனே ஒப்படைக்கவும்.' அதிகாரி படித்துவிட்டு அந்தத் தாளாலேயே விசிறிக்கொண்டார். நான் ஆவண அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீரச் சிரித்தேன்.

சாயங்காலம் மனைவி முகமெல்லாம் சிவந்து வந்தாள்.

"எங்க வகுப்புல ரெண்டு ஃபேனையும் கழட்டிட்டாங்க. நாப்பது பிள்ளைங்க! பெஞ்சை வடக்கே ஒரு விரற்கடை தள்ளணுமாம். மத்தியானம் ஒரு பொண்ணு மயங்கி விழுந்துருச்சு. அது விழுறதுக்குக் கோப்புகூட இல்ல."

"இப்ப எப்படியிருக்கா?"

"கண்ணு முழிச்சிட்டா. எந்தப் படுபாவி எழுதினானோ!"

பையிலிருந்து நகலை எடுத்து விரித்தாள். படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கையெழுத்து மட்டும் முத்துமுத்தா இருக்கு."