நாற்பத்தொரு விருந்தாளிகளும் ஓர் ஆப்பிளும்

நோவி சாத், நவம்பர் 11

அன்புள்ள தம்பி மிலோராதுக்கு,

அண்ணன் ரதிவோயே எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே சகலரும் சுகம். லின்ஸில் நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாயிருக்க நம் குலப் புனிதர் திமித்ரி துணையிருக்கட்டும்.

நம் ரத்மிலா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆறு வருஷமாக என்னத்தைக் கிண்டுகிறாள் என்று கேட்பாயே, அது பலித்துவிட்டது. மாட்டுக்குப் போடும் பீட்ரூட் சக்கையை வினிகரில் ஊறவைத்து, அரைத்து, தேன்மெழுகு கலந்து, இளஞ்சூட்டில் காயவைத்தால் மெல்லிய தாள் வருகிறது. அதைச் சுற்றினால் ஆப்பிள் அழுகுவதில்லை. அந்தத் தாளைத் தயாரிக்க உரிமம் கேட்டு ஆஸ்திரியக் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. இதையெல்லாம் பேசி முடிக்கவே பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம், அதற்குத் தலைவி தெசாங்கா. அவள் போன மாதமே எனக்குப் பாடம் நடத்தினாள்: காப்புரிமை விண்ணப்பம் இம்மாதக் கடைசியில் போகும், அதுவரை மூச்சு விடக் கூடாது, விஷயம் வெளியே போனால் காப்புரிமை இல்லை, காப்புரிமை இல்லையென்றால் கம்பெனியும் இல்லை, ரத்மிலாவின் ஆறு வருஷமும் மாட்டுத்தொட்டிக்கே.

சரியென்று தலையாட்டினேன். சனிக்கிழமை வீட்டில் ஸ்லாவா, நம் குலப் புனிதரின் திருநாள். பாதிரியார் ரொட்டியை அறுத்தார், கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மா வெந்தது, பிளம் சாராயம் மூன்றாவது சுற்று வந்தது. பெற்ற அப்பன் மனசு சும்மா இருக்குமா, அலமாரியில் ஆகஸ்டிலிருந்து சுற்றி வைத்திருந்த ஆப்பிளை எடுத்து, எல்லார் முன்னாலும் கடித்துக் காட்டி, செய்முறையையும் சொல்லிவிட்டேன். கைதட்டல் அடங்கிய பிறகுதான் பார்த்தேன், ரத்மிலா கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மறுநாள் காலை தெசாங்கா வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, சொல்றதுக்கு முன்னாடி இது ரகசியம்னு சொன்னீங்களா?"

"சொன்னேனேம்மா. அப்புறம்தான் எல்லாரும் கிட்ட வந்து கேட்டாங்க."

"நல்லதாப் போச்சு. ரகசியம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டா, வெளிய போனதா ஆகாது. யார் யார் வந்தாங்க?"

"ஸ்லாவாவுக்கு யாரைக் கூப்பிடறோம்? கதவைத் திறந்து வைக்கறோம், வர்றாங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தட்டுகளை எண்ணினோம், நாற்பத்தொன்று. ரகசியமென்று தெரிந்துதான் கேட்டோம், வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒரு தாள் அடித்தாள். தெருத் தெருவாக என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாவமன்னிப்பு ரகசியத்தையே காக்கிறவன் நான், எனக்கெதற்குத் தாள் என்றார் பாதிரியார். "அது கடவுளுக்கு ஃபாதர், இது காப்புரிமை ஆபீசுக்கு" என்றாள், கையெழுத்துப் போட்டுவிட்டார். கசாப்புக்கடைக்காரன் நீட்டிய கேக்கைத் தின்று, அவன் மகள் கல்யாணத்துக்கும் வருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கினாள். என்ன பெண் தம்பி அவள்! ஒரே நாளில் நாற்பது.

நாற்பத்தொன்றாவது ஆள் யாரென்றே தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்து மூன்று தட்டு சர்மா தின்ற கண்ணாடிக்காரன். நான் மைத்துனனுடைய ஆள் என்று நினைத்தேன், மைத்துனன் பாதிரியாருடைய ஆள் என்று நினைத்தானாம். நீ யாரென்று ஸ்லாவாவில் எவன் கேட்பான்? தெருவில் போன எவனோ வந்து கேட்டிருந்தால் எல்லாம் போச்சு என்றாள் தெசாங்கா. ரத்மிலா அன்று சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியின் வக்கீல் முன்ஒப்பந்தத்துக்கு வருவதாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தெசாங்காவின் அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. அதே கண்ணாடி.

"ரெண்டு நாள் முன்னாடியே ஊருக்கு வந்துட்டேன், வழி கேக்கத்தான் கதவைத் தட்டினேன். உள்ள இழுத்து உட்கார வெச்சுட்டாங்க. பேசவே விடலை" என்றார். ரகசியத் தாளில் அவர் ஜூனிலேயே கையெழுத்துப் போட்டவர். அதோடு நிற்காமல், "நாலு வாரம் தாங்கும்னுதான் அறிக்கையில இருக்கு. இவர் அலமாரில மூணு மாசம் தாங்கியிருக்கு. நானே பார்த்தேன்" என்று அங்கேயே பேனாவைத் திறந்தார். தெசாங்கா அப்போதுதான் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

குழந்தைகளுக்கு முத்தங்கள். உங்கள் எல்லோருக்கும் பனிக்காலம் இலேசாகக் கழியட்டும்.

உன் அண்ணன்,
ரதிவோயே

பி.கு.: பெருமையோடு இதை ரத்மிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியிலேயே மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தெசாங்காவின் தாள் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, பிறகு கடிதத்தைப் படி.