முன்னறை எக்ஸ்பிரஸ்

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சோதனைக் குழாய் கழுவி வரும் ஒரு மனிதர், எதையும் செய்து பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னால் அதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னால்தான் தொல்லை.

பள்ளிக்கூடப் பையன்கள் அவருக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுவார்கள்; இவர் ஆறு அங்குல ஸ்கேல் செருகியிருப்பார். பற்பசையை அரை அங்குலத்துக்கு மேல் யாரும் பிதுக்கக் கூடாது என்பது அவர் போட்ட வீட்டுச் சட்டம். வீட்டில் இருந்ததே அவரும் மனைவியும்தான் என்பதால், அந்த 'யாரும்' யார் என்பதில் மனைவிக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மனைவியின் அக்கா ரயிலில் முப்பத்தாறு மணி நேரத் தொலைவில் இருந்தாள். அத்தானுக்கு அந்த ஊருக்கு வேலை மாற்றலாகி ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக அக்காவும் தங்கையும் போனில் பேசி, போனில் சிரித்து, போனிலேயே அழுதும் முடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் எப்படியும் போய்விடுவது என்று முடிவாகி, மாதாமாதம் ஒரு கவரில் பணம் சேர்ந்தது. கவரில் இருந்ததற்கு இரண்டு பெர்த் டிக்கெட் வாங்கலாம். வாங்கினால் கவர் மட்டும் மிஞ்சும். அதுதான் ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வாரமாக அவர் சிக்கனத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். குளிக்கிற சோப்பை நாலாக அறுத்து ஒரு துண்டைப் பயணத்துக்கு ஒதுக்கினார். மூன்று சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் ஒரு பெட்டி குறையும், பெட்டி குறைந்தால் சுமைகூலி குறையும் என்று கண்டுபிடித்தார். போட்டும் பார்த்தார். பிறகு கையை மடக்க முடியாமல் மனைவியைக் கூப்பிட்டுக் கழற்றிக்கொண்டார். கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம் பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது.

"உட்கார்ந்தே போறோம்," என்றார்.

மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "ஒன்றரை நாளா?"

"படுத்துட்டுப் போனாலும் ரயில் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். உட்கார்ந்துட்டுப் போனாலும் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். சீட்டுக்கு ஆகிற காசு பெர்த்துக்கு ஆகிறதுல பாதி."

"எனக்கு இடுப்பு வலி இருக்கே."

"தினம் மிஷின் முன்னால உட்கார்றியே, அப்ப எங்க போச்சு வலி?"

"நடுநடுவுல எழுந்து சமைக்கிறேன், பெருக்கறேன், துவைக்கிறேன்."

"ரயில்ல அதெல்லாம் கிடையாது. சும்மா உட்கார்ந்தா போதும். கொடுத்து வச்சவ நீ."

வேறு பெண்ணாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பாத்திரமாவது உருண்டிருக்கும். இவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பணிவாகச் சொன்னாள்:

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா செஞ்சு பார்க்காம எப்படிங்க நம்பறது?"

ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மாணவன்கூட அவரிடம் சொல்லாத வார்த்தை. கட்டின மனைவி வாயிலிருந்தே வந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோய் நோட்டை எடுத்தார். ஒத்திகை என்ற யோசனை தன்னுடையது என்றே அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

நோக்கம்: உட்கார்ந்து பயணம் செய்ய இயலும் என நிறுவுதல். தேவையான பொருட்கள்: முன்னறை பெஞ்சு ஒன்று, பயணிகள் இருவர், அலாரக் கடிகாரம் ஒன்று. செய்முறை: ஞாயிறு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.

"பயணம் முப்பத்தாறு மணியாச்சே," என்றாள் மனைவி.

"பன்னிரண்டு மணி நேரம் பார்த்தா போதும். அதை மூணால பெருக்கிக்கலாம்."

"வலியையுமா?"

அவர் அதை எழுதவில்லை. விதிகளை எழுதினார். வாசற்படிதான் ரயில் வாசல். தாண்டினால் இறங்கியதாக அர்த்தம். படுத்தாலும் இறங்கியதற்குச் சமம். குளியலறைப் பக்கம் போய்வரலாம், ரயிலிலும் அதற்கு இடம் உண்டு. சமையலறை கிடையாது. இறங்கினால் பெர்த், இறங்காவிட்டால் சீட். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"எல்லாம் உள்ளபடியே நடக்கணும்ல," என்று கேட்டாள் அவள்.

"அச்சு அசலா நடக்கணும்."

"அப்ப பணக் கவரை யார் வச்சுக்கறது?"

ஸ்கேல் யோசித்தார். ரயிலில் திருடன் முதலில் கை வைப்பது ஆம்பிளை பாக்கெட்டில்தான். "நீயே இடுப்புல பத்திரமா சொருகிக்க," என்று பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னறை எக்ஸ்பிரஸ் கிளம்பியது. பள்ளிக்கூட ஏலத்தில் சல்லிசாக எடுத்த பெஞ்சு அது. செங்குத்தான முதுகு, யாருடைய முதுகுக்கும் பொருந்தாது. ஜன்னல் பக்கம் ஸ்கேல். பக்கத்தில் மனைவி. காலடியில் ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், தண்ணீர் பாட்டில். மனைவி சமைக்கவில்லை, பெருக்கவில்லை, துவைக்கவில்லை. காலை நீட்டி ஒரு பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாய்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு, "ஒண்ணு உதைக்குதுங்க," என்றாள்.

"என்ன?"

"ரயில்ல நாம ரெண்டு பேர் மட்டுமா இருப்போம்? மூணு பேர் உட்கார்ற சீட்டாச்சே. பக்கத்துல ஒரு ஆள் வேணாமா?"

நியாயம்தான். அச்சு அசலாக நடக்கவேண்டும் என்று சொன்னவரே அவர்தான். "யாரையாவது கூப்பிடு," என்றார் பெருந்தன்மையாக.

அவள் ஜன்னல் வழியாகவே குரல் கொடுத்தாள். வந்தவரைப் பார்த்ததும் ஸ்கேல் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். எதிர் வீட்டு இன்சூரன்ஸ். நாலு வருஷமாக அந்த ஏஜென்டிடம் சிக்காமலிருக்கத்தான் ஸ்கேல் கொல்லை வழியாக வேலைக்குப் போய்வந்தார். தெருவில் கண்டால் செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொள்வார். இன்றைக்கு எழுந்து ஓடவும் முடியாது.

"சார், உங்களை உட்கார வச்சுப் பேசணும்னு எத்தனை நாள் ஆசை," என்றபடி இன்சூரன்ஸ் இருவருக்கும் நடுவில் அமர்ந்தார். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வெளியே வந்தது. "மொதல்ல மரணத்துலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

"எங்க வேணா ஆரம்பிங்க," என்றார் ஸ்கேல்.

"நீங்க போயிட்டா உங்க வீட்டம்மாவுக்கு முழுத் தொகை."

"பரவாயில்லையே," என்றாள் மனைவி.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அவள் எழுந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"ஏதோ ஸ்டேஷன் வந்திருக்குங்க. தண்ணி புடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

"வாசப்படி தாண்டினா தோத்துடுவே. விதி தெரியும்ல?"

"தாகம் எடுக்குதே, என்ன பண்றது," என்று சொல்லிவிட்டுத் தாண்டியேவிட்டாள்.

ஸ்கேல் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'பயணி 2: 10.10-க்கு இறங்கிவிட்டார். தோல்வி.' எழுதி அடிக்கோடும் போட்டார். கோணலில்லாத கோடு. ஜெயிப்பதற்கு இவ்வளவுதானா வேலை என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பதினொரு மணி ஆயிற்று. அவளைக் காணோம். இன்சூரன்ஸ் விபத்துக்கு வந்திருந்தார்.

"ரெண்டு காலும் போனா முழுத் தொகை சார். ஒரு கால்னா பாதி."

"மரத்துப்போனா?"

"என்ன சார்?"

"இடது கால். இருக்கிற மாதிரியே தெரியல."

"மரத்துப்போறதுக்குத் திட்டம் வரல சார். மேலிடத்துல சொல்லிப் பார்க்கறேன்," என்று ஏஜென்ட் ஒரு முட்டையை உரித்தார். அது மூன்றாவது முட்டை. இரண்டு பேருக்கு, இரண்டு வேளைக்கு என்று எண்ணி எடுத்து வைத்ததே நாலுதான்.

பன்னிரண்டு மணி. இன்சூரன்ஸ் தூங்கிவிட்டார், ஸ்கேலின் தோளில் தலையைச் சாய்த்து. அப்போதுதான் ஸ்கேலுக்கு மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்க இரண்டு மணி நேரமா? வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாளோ? நிஜ ரயிலிலேயே இப்படி ஆகிவிட்டால், பாட்டிலும் கையுமாக அவள் ஏதோ ஊர் பிளாட்பாரத்தில் நிற்க, தான் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி போய்க்கொண்டிருந்தால்? இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்றாலும், அவள் இல்லாத வீடு அவருக்கு வீடாகவே தெரியாது. வாசற்படி எட்டு அடி தூரம். எழுந்து போய், படியைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்துவிடலாம்.

பாதி எழுந்தார். நோட்டு மடியிலிருந்து நழுவியது. ஆறு மணி நேரம் தாக்குப்பிடித்தாயிற்று, இப்போதா தோற்பது? மறுபடி உட்கார்ந்துகொண்டார். மனசு மட்டும் வாசலிலேயே நின்றது.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் வந்தாள். பாட்டில் நிறைந்திருந்தது. முகத்தில் வியர்வை.

"எங்க போனே?"

"வண்டி கிளம்பிடுச்சுங்க. ஓடி வந்து வேற பெட்டியில ஏறிட்டேன். அங்கிருந்து நடந்து வரேன்."

"நல்ல வேளை," என்றார் அவர். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. இன்சூரன்ஸைத் தட்டி எழுப்பி அவளுக்கு இடம் விடச் சொன்னார். ஏஜென்ட் எழுந்து கல்விக் காப்பீட்டை ஆரம்பித்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாகவே படவில்லை.

மாலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தபோது ஸ்கேல் அதே பெஞ்சில், அதே ஜன்னலோரம் இருந்தார். கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். இன்சூரன்ஸ் கைகுலுக்கி, மிச்சத்தை நாளைக்குப் பேசலாம் என்று விடைபெற்றுப் போனார். மனைவி எதிரே வந்து நின்றாள்.

"முடிவைச் சொல்லுங்க."

ஸ்கேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பயணி ஒண்ணு, பன்னிரண்டு மணி நேரம். இறங்கல, படுக்கல. வெற்றி."

"பயணி ரெண்டு?"

"பத்து பத்துக்கு இறங்கிட்டா. தோல்வி."

"உங்க கையாலதானே எழுதியிருக்கீங்க?"

"சிவப்பு மையில எழுதியிருக்கேன்."

"அப்ப சரியாத்தான் வாங்கியிருக்கேன்," என்று இடுப்பிலிருந்த கவரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

கவரில் பணம் இல்லை. இரண்டு டிக்கெட் இருந்தன. ஸ்கேல் ஒன்றைப் படித்தார். மற்றதைப் படித்தார். மறுபடி முதலாவதைப் படித்தார்.

"ஒண்ணு சீட்டு. ஒண்ணு பெர்த்து."

"இறங்காதவருக்குச் சீட்டு. இறங்கினவளுக்குப் பெர்த்து. நீங்க போட்ட விதிதான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்கு ஜன்னலோரம், எனக்குக் கீழ் பெர்த்து கிடைச்சுது."

"ஒரே பெட்டியிலயாவது..."

"சீட்டுப் பெட்டி வேற, பெர்த்துப் பெட்டி வேறயாம். நடுவுல பதினோரு பெட்டின்னு கவுண்டர்ல சொன்னாங்க."

"மிச்சப் பணம்?"

"அக்காவுக்கு ஒரு கம்பளி எடுத்துக் கடையிலேயே வச்சுட்டு வந்திருக்கேன். அங்க குளிர் தாங்கலையாம். நீங்க உட்கார்ந்தே சம்பாதிச்சுக் கொடுத்ததுன்னு சொல்லிக் கொடுக்கறேன்."

ஸ்கேலுக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று கோபப்படலாம் என்றால் இடது கால் இன்னும் திரும்பி வரவில்லை. "உன்னைக் காணோமேன்னு நான் எப்படிப் பதறினேன் தெரியுமா?"

"பதறினீங்களா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. பத்திரிகையை எடுத்து அவருக்கு விசிறினாள். "தெரு முனையிலேர்ந்தே பார்த்துட்டுதான் வந்தேன். வாசல்ல நீங்க நின்னிருந்தா, அப்படியே திரும்பிப் போய் உங்களுக்கும் பெர்த்தா மாத்திட்டு வந்திருப்பேன். கவுண்டர் ரெண்டு மணி வரைக்கும் இருந்துது. கம்பளியைக்கூடத் திருப்பிக் கொடுத்துடலாம்னு சொல்லித்தான் வாங்கினேன்."

ஸ்கேல் வாசற்படியைப் பார்த்தார். எட்டு அடிதான். முப்பத்தாறு மணி நேரம் அந்த எட்டு அடியைப் பற்றி யோசித்துக்கொண்டே போகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மனைவி உள்ளே போய்த் தலையணையும் போர்வையும் எடுத்து வந்தாள்.

"கொஞ்சம் எழுந்திரிங்க."

"எதுக்கு?"

"உங்க டிக்கெட்டுக்கு ஒத்திகை பார்த்தாச்சு. என்னோடதுக்குப் பார்க்க வேணாமா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் தலையணையைப் போட்டு, பெஞ்சின் முழு நீளத்துக்கும் படுத்து, போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டு, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"டீ வந்ததும் எழுப்புங்க."