ஓட்டுநர் இருக்கை பற்றிய தீர்மானம்

என் மகள் யுவஸ்ரீ இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்தாள். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு லாரி நாக்பூர் போய்ச் சேர வேண்டும், முட்டை உடையக் கூடாது. அவ்வளவுதான் விளையாட்டு. லாரியை ஓட்டுவது அமுதா என்ற பெண். சேலத்துப் பொருட்காட்சியில் அதை வைக்க ஒரு ஸ்டாலும் கிடைத்தது. ஒரு பெண் முட்டையை உடைக்காமல் கொண்டுபோவதை யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆட்சேபித்தவர் ஆட்டையாம்பட்டி குணசீலன், லாரி கேம் ரசிகர் மன்றத் தலைவர். விளையாட்டில் அரசியலைத் திணிக்காதே என்று கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளில் ஒரு மனு கொடுத்துவிட்டார். மனு வந்தால் குழு போட வேண்டும். ஆகவே, மின்விளையாட்டுகளில் பன்முகத்தன்மை மற்றும் பிரதிநிதித்துவ ஆய்வுக் குழு உதயமானது. அது இசைவுக் கடிதம் கொடுத்தால்தான் இனி ஸ்டால்.

பெண்பிள்ளையைக் குழுக் கூட்டத்துக்குத் தனியாக எப்படி அனுப்புவது? துணைக்கு அப்பன் நானும் கிளம்பினேன். என் லைசென்ஸ் காலாவதியாகி ஆறு மாதம் ஆகிறது. அதனால் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்து துணைக்குப் போனேன்.

குழுத் தலைவர் தனி அலுவலர் நவநீதகிருஷ்ணன். மனுதாரர் என்ற முறையில் குணசீலனும் ஓர் உறுப்பினர்.

"பெண்கள் பிரதிநிதி, கவுன்சிலர் சென்னியம்மாள் வந்துவிட்டாரா?" என்று கேட்டார் அலுவலர்.

"வந்துட்டேனுங்க," என்றார் முறுக்கு மீசை வைத்த ஒருவர்.

அவர் சென்னியம்மாளின் கணவர் அர்த்தநாரி. வருகைப் பதிவேட்டில் சென்னியம்மாள் என்று கையெழுத்துப் போட்டார். நாலு வருடப் பழக்கமாம். அந்த அம்மாளுக்கே இவ்வளவு நன்றாக வராது என்று பெருமையாக வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்களுக்காகப் பேச இந்த ஜில்லாவில் ஒரு பெண் கிடைக்கவில்லையா?

குணசீலன் எழுந்தார். "எட்டு வருசமா லாரி கேம் ஆடறேனுங்க. இதுல பிரேக் அடிச்சா வளையல் சத்தம் கேக்குதுங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க."

"நெசத்துல லாரி ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள் யுவஸ்ரீ.

"எனக்குச் சைக்கிளே பயமுங்க."

அர்த்தநாரி மேசையைத் தட்டினார். "பொம்பளைங்கள எறக்கிப் பேசினா நான் சும்மா இருக்க மாட்டேன். அமுதாதான் டிரைவர். அதுல மாத்தமே இல்லீங்க."

யுவஸ்ரீயின் முகம் மலர்ந்தது. அர்த்தநாரி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நாக்பூர் வரைக்கும் ஒத்தப் பொம்பளை போறது பாதுகாப்பில்லீங்க. ஊட்டுக்காரரும் கூடப் போகோணும்."

"கிளீனர் சீட்டுல உக்காந்து வரட்டுங்க," என்றாள் யுவஸ்ரீ.

"பொண்டாட்டி லாரி ஓட்ட, புருசன் கிளீனர் சீட்டுலயா? சனம் என்ன பேசும்?"

தனி அலுவலர் ஆழ்ந்து பரிசீலித்தார். லாரியில் இருக்கை இரண்டு, ஆள் இரண்டு. கணவர் இடப்பக்கம் உட்காரக் கூடாது. எனவே வலப்பக்கம் உட்கார வேண்டும். வலப்பக்கத்தில் ஸ்டியரிங் இருப்பதற்குக் குழு பொறுப்பாகாது.

"அப்ப ஓட்டறது யாருங்க சார்?" என்றாள் யுவஸ்ரீ.

"இயக்குபவர் கணவர். ஓட்டுநர் அமுதா. இரண்டும் வேறு வேறு, அம்மா."

"வண்டி எங்கியாச்சும் மோதிட்டா கேஸ் யாரு மேலங்க?"

"ஓட்டுநர் மேலதான்," என்றார்கள் மூவரும் ஒரே குரலில். அன்றைக்கு அந்தக் குழுவில் ஏற்பட்ட முதல் கருத்தொற்றுமை அது.

பெண்களுக்கு உரிய இடத்தை உறுதிசெய்யும் பொருட்டு, அமுதா இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வாகனத்தை ஓட்டியதாகக் கருதப்படுவார் என்று தீர்மானம் எழுதப்பட்டது. வளையல் சத்தம் தள்ளிப் போனதில் குணசீலனுக்கும் திருப்தி. சென்னியம்மாள் என்று அர்த்தநாரி கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் யுவஸ்ரீயின் கண் கலங்கியிருந்தது. "உடு சாமி, ஸ்டால் கெடைச்சாப் போதும்," என்றேன். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஒரு வாரத்தில் அமுதாவை இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தாள்.

பொருட்காட்சித் திறப்பு விழாவில் நல்ல கூட்டம். "இவ்விளையாட்டை உருவாக்கிய செல்வி யுவஸ்ரீ மேடைக்கு வரவும்," என்று மைக்கில் அழைத்தார்கள். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் இடிபட்டுக்கொண்டு அவள் எதற்கு மேடை ஏற வேண்டும்? நானே ஏறினேன். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கையும் கொடுத்தார்கள். பெண்கள் உட்கார வேண்டிய நாற்காலியில் ஆண்கள் உட்காரும் அநியாயத்தை இருபது நிமிடம் கிழி கிழி என்று கிழித்தேன். அர்த்தநாரி முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்.

விழா முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தேன். யுவஸ்ரீ ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"முன்னாடி உக்காருங்கப்பா."

"எனக்குத்தான் லைசென்ஸ் இல்லியே, சாமி."

"நீங்க இயக்குங்கப்பா. லைசென்ஸ் எங்கிட்ட இருக்குதுல்ல. போலீஸ் புடிச்சா நான்தான ஓட்டுநர்."

சொல்லிவிட்டுப் பின்சீட்டில் இடப்பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொன்னாடையோடு, சாவியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. டோக்கன் கொடுக்கிற அம்மாள் என்னைப் பார்த்துக் கைகாட்டினாள்.

"ஏனுங்க பெரியவரே, புள்ளயப் பின்னால உக்கார வெச்சுட்டு நின்னா எப்படீங்க? ஆம்பள நீங்கதான வண்டிய எடுக்கோணும்?"

எடுத்தேன்.