பூவார் படகுத்துறையில நான் லோடா, பாசஞ்சரா?

ஞாயித்துக்கிழமை பூவார் போய் பொழி பாக்கணும். அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

பொழின்னா நெய்யாறு கடல்ல போய்ச் சேர்ற எடம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவுல தீவு மாதிரி ஒரு மணல்திட்டு. எங்க உதியன்குளங்கரையில இருந்து வண்டியில போனா பக்கம்தான். துறையில இருந்து படகுல போகணும்.

எனக்கு முதுகுல ஒரு கட்டி வந்ததுல ரெண்டு காலும் ராஜினாமா குடுத்துட்டுப் போயிட்டு. வீல்சேர்தான். அதுக்குப் பிறகு என்னோட சுற்றுலான்னா காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போறதும், காரக்கோணத்துல இருந்து திரும்பி வாறதும்.

சும்மா சொல்லப்பிடாது, சரித்திரப் புகழ் பெத்த எடங்களுக்கும் என்னைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பத்மநாபபுரம் அரண்மனை வாசல்ல எல்லாரோட செருப்புக்கும் நான் காவல். வட்டக்கோட்டையில பைகளுக்குக் காவல். கோட்டைக்குள்ள என்ன இருக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க. வெளிய ஐஸ் விக்கிறவரு எப்ப சாப்பிடப் போவாருன்னு கேளுங்க, சொல்றேன்.

இந்தத் தடவை எவன் செருப்பையும் பாத்துக்க மாட்டேன், நானே போய்க் கண்ணால பாப்பேன்னு சபதம்!

போன்ல ஒரு கட்டுரை வேற கண்ணுல பட்டு. நடக்க முடியாதவங்களும் ரசிக்கக்கூடிய அமைதியான கடலோரத் தீவுகளாம். எழுதினவரு நல்லா நடக்கிறவருன்னு முதல் வரியிலயே தெரிஞ்சு போச்சு. ஆனா ஆசை யாரை விட்டுச்சு?

படகுத்துறைக்குப் போன் போட்டேன்.

"வீல்சேர்ல வாறேன். படகுல ஏற வழி உண்டா?"

"ஒரு பிரஸ்னமும் இல்லா சேச்சி! ரேம்ப் உண்டு. தைரியமாயிட்டு வா!"

போனோம். ரேம்ப் உண்டு. அவரு பொய் சொல்லல. வழவழன்னு சிமெண்டுச் சரிவு, பக்கத்துல பளபளன்னு கைப்பிடி. அது போய் முடியுற எடத்துல படிக்கட்டு!

பரவாயில்ல, படகுல வேலை செய்ற விபினும் இன்னொருத்தனும் என்னைத் தூக்க ஓடி வந்துட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல படகுல இருந்திருப்பேன். அப்பதான் என் வீட்டுக்காரருக்கு ஞானம் பிறந்து.

அதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்க பக்கம் எங்க லோடு ஏத்துனாலும் எறக்கினாலும் அந்தந்த ஏரியா சுமட்டுத் தொழிலாளிகளுக்குத்தான் உரிமை. போன வருஷம் இவரு வீட்டுக்கு வந்த டைல்ஸ் பெட்டியத் தானே எறக்கப் போயி, ரோட்டுல ஒரு பொதுக்கூட்டமே நடந்து. அன்னைல இருந்து மனுசனுக்குப் பயம். சொந்த வீட்டு கேஸ் சிலிண்டரை நகத்துறதுக்கும் நாலு பக்கம் பாப்பாரு.

துறைக்குப் பக்கத்துல மரத்தடியில நீலச் சட்டைக்காரங்க நாலஞ்சு பேரு சீட்டு விளையாடிட்டு இருந்தாங்க. ரிசார்ட்டுக்குப் போற சாமானையெல்லாம் படகுல ஏத்துறவங்க. பாவம், எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல.

இவரு விபினைத் தடுத்து நிப்பாட்டிட்டு நேரா அவங்ககிட்ட போனாரு.

"அண்ணா, இங்க ஒரு லோடு போட்ல ஏத்த உண்டு. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா?"

லோடு! கட்டின பொண்டாட்டி!

சீட்டு கீழ விழுந்து. அவங்க தலைவர் சசியண்ணன், தலையில துவர்த்துத் துண்டைக் கட்டிக்கிட்டு வந்து, என்னை ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. சிமெண்டு மூட்டையப் பாக்குற அதே பார்வை.

"இதத் தூக்கணுமெங்கில் நாங்கதான் பொக்கணும். இங்கத்த நியமம் அதாக்கும்."

விபினுக்குக் கோவம் வந்துட்டு. "அண்ணா, இதுல ஆளு இரிக்குதுல்லியா! ஆளு பாசஞ்சராக்கும். பாசஞ்சர ஏத்துறது எங்க ஜோலி."

"ஆளு இரிந்தா வெயிட்டு கூடுமா, குறையுமா?"

"கூடும்."

"அப்போ லோடு!"

நான் மெதுவா கையத் தூக்கினேன். "எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு."

"சேச்சி ஒண்ணும் கவலப்படாண்டாம்"னு சசியண்ணன் ரொம்ப மரியாதையாச் சொன்னாரு. "இது எங்களுக்குள்ள உள்ள தர்க்கமாக்கும்."

படகுல ஏற்கெனவே தனுவச்சபுரத்துல இருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் உக்காந்திருந்து. அதுல ஒரு பெரியவரு எழும்பி நின்னு, "எலே, லோடோ ஆளோ, எதுவா இருந்தாலும் சீக்கிரம் ஏத்துங்கலே, வெயில் தலைய பொளக்குது!"ன்னு கத்தினாரு.

இவரு சமாதானம் பேசப் போனாரு. "சண்ட எதுக்கு? ஆள கீழ எறக்குவோம். வெறும் சேரு லோடு, அத நீங்க ஏத்துங்க. ஆளு பாசஞ்சர், பொறவு அவிய ஏத்தட்டும்."

ரெண்டு கட்சிக்கும் பரம திருப்தி. கைதட்டல் வேற! ஐக்கிய நாட்டு சபையில இருக்க வேண்டிய மனுசன், நம்ம வீட்டுல வந்து மாட்டிக்கிட்டாரு.

என்னைத் தூக்கி மரத்தடியில ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில வச்சாங்க. வீல்சேரைப் பல்லக்கு மாதிரி சுமந்துட்டுப் போயி படகுல எறக்கினாங்க. பிரேக் போட்டுக் குடுக்கிறேன்னு இவரும் ஏறினாரு. சசியண்ணன் ஆளுங்க எறங்கிக் கையத் தட்டித் தூசிய ஒதறினாங்க.

பின்னால இருந்த படகு டிரைவர் பாத்தாரு. வீல்சேர் வந்தாச்சு. கூட வந்தவரும் வந்தாச்சு. லோடு ஏத்தினவங்களும் எறங்கியாச்சு.

மோட்டாரைப் போட்டாரு!

"ஏய்! நான்! நான் இங்க இருக்கேன்!"

ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்தினேன். தனுவச்சபுரத்துப் பிள்ளைங்க ரொம்ப நல்ல பிள்ளைங்க. எல்லாரும் சந்தோசமா டாட்டா காட்டினாங்க.

குனிஞ்சு பிரேக்கோட மல்லுக்கட்டிட்டு இருந்த இவரு நிமிந்து பாக்கும்போது படகு தண்ணிக்குள்ள வளந்து நிக்கிற கண்டல் மரத்துக்கு நடுவுல நுழைஞ்சாச்சு. ஒடுங்கின வழி. திருப்பணும்னா பொழிக்குப் போய்த்தான் திருப்பணும். போன் போடலாம்னா என் போன் பையில. பை வீல்சேர்ல. வீல்சேர் சுற்றுலாவுல.

இவ்வளவு நேரம் கிண்டல் பண்ணினேன், அந்த நேரத்துல மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. அழுகைதான் வந்து. இவ்வளவு தூரம் வந்தும் மறுபடியும் வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாங்களே!

விபினும் சசியண்ணனும் அடுத்த தர்க்கத்தைத் தொடங்கியிருந்தாங்க. "ஆள ஏத்த வேண்டியது நீயல்லவோ!" "நீங்க வழி விட்டாத்தானே ஏத்த!" விபின் என் முகத்தைப் பாத்துட்டு அண்ணனைத் தொட்டுக் காட்டினான். சசியண்ணன் போயி ஒரு சாயா வாங்கிட்டு வந்தாரு.

"சேச்சி கரையாண்டாம்"னாரு. அழாதீங்கன்னு சொன்னவரு, அவரு கண்ணைத்தான் துவர்த்தால தொடச்சாரு.

ஒருவழியா படகு திரும்பி வந்து. சசியண்ணன் ஆளுங்க முறைப்படி வீல்சேரை எறக்கினாங்க. சக்கரம் பூரா கடல் மணல். பின்னால இவரு, பரீட்சையில தோத்த பையன் மாதிரி.

"ரெஜி, நான் கத்துனேன் பாத்துக்க. டிரைவருக்குக் கேக்கல."

"பொழி எப்படி இருந்து?"

"அது... நல்ல காத்து."

தனுவச்சபுரத்து மாமி ஒருத்தி வந்து என் கையப் பிடிச்சா. "மக்கா, உனக்க சேரு பெரிய உபகாரமாக்கும். எனக்கு முட்டு வலி. மணல்ல எறக்கி வச்சு அதுல இரிந்தேன். எழும்பவே மனசு வரல, கேட்டியா?"

கேட்டேன் மாமி. நல்லா கேட்டேன்.

விபினும் சசியண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோட அப்படியே தூக்கிப் படகுல வச்சாங்க. லோடா பாசஞ்சரான்னு ஒருத்தரும் கேக்கல. ரெண்டு பேரும் என் கூடவே உக்காந்தும் ஆச்சு.

இவரு அவசர அவசரமா வீல்சேரைத் தள்ளிட்டு ஓடி வந்தாரு.

"தொடாண்டாம்!"னு சசியண்ணன் படகுல இருந்தே கத்தினாரு. "அது லோடாக்கும்! நாங்க வந்து எடுத்துக்கிடுவோம்!"

தோள்ல என் பை, கையில வீல்சேர், இவரு துறையில நின்னாரு. படகு கிளம்பிட்டு. நான் கைய ஆட்டினேன். இந்தத் தடவை டாட்டாதான்.

பொழியில டிரைவர் படகோட மூக்கை மணல்ல ஏத்தி நிப்பாட்டினாரு. நான் எறங்கல. விபின் என் காலைத் தூக்கித் தண்ணிக்குள்ள தொங்க விட்டான். இந்தப் பக்கம் ஆறு சத்தமில்லாம வருது, அந்தப் பக்கம் கடல் எழும்பி எழும்பி விழுது. தண்ணி பட்டது காலுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு அவ்வளவு சந்தோசம். போலாமான்னு விபின் கேட்டப்போ காது கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

அன்னைக்குப் படிச்ச பாடம் இதுதான்: இனி எங்க போனாலும் வீல்சேரையும் வீட்டுக்காரரையும் முதல் படகுலயே அனுப்பிரணும், ரெண்டும் ஊர் சுத்தித் திரும்பின பிறகு நாம நிம்மதியாப் போலாம்.